சூலக்காரிக்கு எத்தனை மார்க்

ஜூன் 3

காலையில் தட்டில் வைத்த முதல் காசைப் பார்த்ததுமே குமட்டிவிட்டது. 1911ஆம் வருடத்து பிரிட்டிஷ் டிரேட் டாலர். பம்பாயில் அடித்து, கப்பலேறிச் சீனாவுக்கும் பினாங்குக்கும் போய், யாரோ ஒருவருடைய இடுப்பு பெல்ட்டில் முடிந்து ஊர் திரும்பிய நல்ல வெள்ளி. நூறு வருடத்துக்கு மேல் தப்பிப் பிழைத்ததை, விற்க வந்த மனுஷன் நேற்று பல்பொடி போட்டுத் தேய்த்திருக்கிறார். சூலம் பிடித்து நிற்கிற பிரிட்டானியாவின் மூக்கைக் காணோம். "பளபளன்னு இருந்தா நல்ல மார்க் போடுவீங்கன்னு நெனச்சனுங்க" என்கிறார், சிரித்துக்கொண்டே. சீ.

பளபளப்புக்கு மார்க் போட நான் என்ன பாத்திரக்கடையா வைத்திருக்கிறேன்? டவுன்ஹால் பக்கம் முதலாளி குப்புராஜின் பழங்காசுக் கடை மாடியில் இருபத்தெட்டு வருடமாக ஒரே நாற்காலி, ஒரே விளக்கு, ஒரே லென்ஸ். ஒன்றிலிருந்து எழுபது வரை மார்க். அறுபதுக்கு மேல் என்றால் கைபடாத காசு. அதைச் சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் வண்டிச்சக்கரத்து ஆரக்கால் மாதிரி சுற்றி ஓடும். ஓடினால் உயிர் இருக்கிறது. தேய்த்தாலோ மருந்தில் முக்கினாலோ சக்கரம் நின்றுவிடும். அதற்கப்புறம் அதற்கு மார்க்கே கிடையாது. சீட்டில் 'விளக்கியது' என்று ஒரே ஒரு சொல் எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பல்பொடிக்காரருக்கும் எழுதிக் கொடுத்தேன். என்னமோ சாபம் வாங்கினவர் மாதிரிப் போனார்.

எனக்கு அடுத்தபடி மார்க் போடுகிறவள் ஃபர்ஹானா. கோட்டைமேட்டுப் பெண், ஆறு வருடமாக இருக்கிறாள். இரண்டு பேரும் தனித்தனியே பார்த்துச் சீட்டு எழுதிக் கவிழ்த்து வைப்போம். ஒரே நேரத்தில் திருப்புவோம். வித்தியாசம் இரண்டு மார்க்கைத் தாண்டினால் எதிரெதிரே உட்கார்ந்து, காசை நடுவில் வைத்து, ஏன் அப்படிப் போட்டோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லியாக வேண்டும். பெரியவர் சின்னவர் பார்ப்பதில்லை. இந்த விதியை வைத்தவன் நான்தான்.

ஆகஸ்ட் ஏலத்துக்குத் தாராபுரத்திலிருந்து ஒரு பெட்டி நிறைய டாலர் வருகிறதாம். முதலாளி கையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 5

செய்தித்தாளைக் கண்ணாடி போடாமலே படித்தேன். பத்து வருடமாக இல்லாத அதிசயம். அறுபத்தொரு வயதில் ஊரில் எல்லோருக்கும் கண் போகும், எனக்குத் திரும்பி வருகிறது. ரங்கநாயகியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நல்லதுதானுங்களே" என்றாள், வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல். கட்டிய புருஷனுக்குக் கண் இளமையாகிறது, அவளுக்கு வெங்காயம்.

ஜூன் 9

வேட்டி பழுப்பேறிக் கிடக்கிறது. முப்பத்தொரு வருடம் என் வேட்டியைக் கொக்கு மாதிரி வைத்திருந்தவளுக்கு இப்போது கை தளர்ந்துவிட்டது போலிருக்கிறது. "சொட்டு நீலம் போட்டியா இல்லையா?" என்றேன். "போட்டுத்தானுங்க அலசுனேன்" என்று சாதிக்கிறாள். நானே பக்கெட்டில் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். பாலும் மஞ்சளாகத்தான் இருக்கிறது. பால்காரன் எதைக் கலக்கிறானோ, நினைத்தால் காப்பி இறங்கவில்லை.

ஜூன் 12

ஃபர்ஹானா அறுபத்து நாலு. நான் அறுபது. அடுத்தது அவள் அறுபத்து மூன்று, நான் 'விளக்கியது'. ஆறு வருடத்தில் இப்படி நடந்ததே இல்லை.

எதிரெதிரே உட்கார்ந்தோம். "சக்கரம் எங்க ஓடுது, காட்டு" என்றேன். "இதோ ஓடுதுங் சார், இப்படி மெதுவாச் சாய்ச்சுப் பாருங்க" என்று எனக்கே சாய்க்கக் கற்றுக்கொடுக்கிறாள். மொழுக்கென்று மூடுபனி விழுந்த மாதிரி இருக்கிற காசில் எந்தச் சக்கரத்தைப் பார்ப்பது? ஏல நேரத்தில் மார்க் கூடினால் முதலாளிக்குச் சந்தோஷம். அவர் இவள் காதில் என்ன ஓதினாரோ, எழுதுகிறாள். காசைக் கெடுக்கிறவனைக் கூட மன்னிக்கலாம், கண்ணை விற்கிறவளைப் பார்த்தால்தான் அருவருப்பாக இருக்கிறது.

ஜூன் 13

விளக்கில் மட்டமான பல்பு மாட்டியிருக்கிறார்கள். சுற்றி ஒரு வளையம் தெரிகிறது, கோயில் சிலைக்குப் பின்னால் இருக்கும் பிரபை மாதிரி. மாற்றச் சொன்னேன். "போன மாசம் நீங்களே வாங்கிட்டு வந்த பல்புதானுங் சார்" என்கிறாள் ஃபர்ஹானா. வேறு வாங்கிவரச் சொன்னேன். அதற்கும் வளையம். இந்த நாட்டில் ஒரு பல்பு உருப்படியாகச் செய்ய ஆளில்லை.

ஜூன் 17

தாராபுரத்துப் பெட்டி வந்துவிட்டது.

கொண்டுவந்தவர் நாச்சிமுத்து. அப்பா பினாங்குத் துறைமுகத்தில் வேலை பார்த்தவராம். போய்ச் சேரும்வரை அந்தப் பெட்டியை யாரையும் திறக்க விட்டதில்லையாம். எல்லாம் ஒரு பட்டுத் துண்டில் வரிசையாகச் சுற்றியிருந்தன. பார்த்தால் பக்திமான் வீட்டுப் பொருள் மாதிரி இருந்தது. விளக்கின் கீழே வைத்தால் ஒவ்வொன்றும் மஞ்சள். ஒன்றிரண்டு என்றால் காலம் ஏற்றிய நிறம் என்று விடலாம். பெட்டி முழுக்க ஒரே மாதிரி டீத்தண்ணி நிறம் என்றால் எவனோ உட்கார்ந்து புகை காட்டியிருக்கிறான். பழசு போலத் தெரிவதற்கு இதெல்லாம் செய்வார்கள். வரிசையாக 'விளக்கியது', 'விளக்கியது', 'புகை போட்டது' என்று எழுதித் தள்ளினேன். பெட்டிக்குள் நல்ல காசுகள் இருந்திருக்கின்றன, அது தெரிகிறது. எப்படி மனசு வந்தது?

ஃபர்ஹானாவின் சீட்டுகளில் எல்லாம் அறுபதுக்கு மேல். "எனக்கு வெள்ளையாத்தானுங் சார் தெரியுது" என்றாள். நான் காரணம் கேட்கவில்லை. காரணம் சொல்கிற விதியெல்லாம், விலைக்கு வாங்கப்படாதவர்களுக்குத்தான் என்றேன். அவள் லென்ஸைத் துடைத்து உறையில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நாச்சிமுத்து மட்டும் எழுந்து போகவில்லை. "எங்கப்பன் முடிஞ்ச முடிச்சு, நேத்துத்தான் நானே அவுத்தேன். காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளாமா" என்று மாடிப்படி அதிர அதிரச் சொன்னார். கீழே வாடிக்கையாளர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். முதலாளி படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 18

சோதனைக்கூடத்தில் ரத்தம் கொடுத்தேன்.

ஜூன் 19

காமாலை இல்லை. ஈரல் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காகிதத்தை முதலாளி மேஜையில் வைத்தேன். ஆகவே காசுகள்தான் மஞ்சள்.

ஜூன் 20

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

என்னிடம் ஒரே ஒரு காசு உண்டு. 1902, பம்பாய். சூலத்தின் நடுமுனையில் புள்ளி மாதிரி ஒரு 'பி' எழுத்து. கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. அதற்கு நான் போட்ட மார்க் அறுபத்தாறு. வேறு எந்த டிரேட் டாலருக்கும் அந்த மார்க்கை நான் போட்டதில்லை. மளிகைக்கடைக்காரனுக்கு எடைக்கல் எப்படியோ அப்படி என் கண்ணுக்கு அந்தச் சூலக்காரி. குழப்பம் வந்தால் வீட்டுக்கு வந்து அவளை ஒரு தரம் சாய்த்துப் பார்ப்பேன், சக்கரம் ஓடும், கண் நேராகிவிடும். பீரோவில் என் துணிக்குக் கீழே, பிளானல் துணியில். வருடம் ஒன்றாகிறது எடுத்து.

இன்று எடுத்தேன். மஞ்சள். டீத்தண்ணி. சக்கரம் இல்லை. எத்தனை சாய்த்தாலும் இல்லை.

இந்த வீட்டில் இரண்டே பேர். நான் தொடவில்லை. கல்யாணமான புதிதில் ரங்கநாயகி என்ன செய்தாள் என்று எனக்கு மறக்குமா? நான் ஆசையாக வைத்திருந்த ஒரு விக்டோரியா ரூபாயை, புருஷனைச் சந்தோஷப்படுத்துகிறேன் என்று, புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கை விளக்குவதுபோல விளக்கிக் கொண்டுவந்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அன்றைக்கு எனக்கு வந்த அருவருப்பு இன்றைக்கும் வந்தது.

சமையலறைக்குப் போய் நீட்டினேன். "என்னத்தைப் போட்டுத் தேச்சே இதை?"

"நானுங்களா? அந்தப் பீரோவுல உங்க துணியை அடுக்கறதோட சரி. அதைத் தொடவே இல்லீங்க."

"அப்போ இது தானாக் கெட்டுதா?"

"கெட்டா இருக்குது? எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே."

"உனக்கு என்னைக்குத் தெரிஞ்சுது? முப்பத்தொரு வருசம் காசோட குடும்பம் நடத்துனவன் கூட இருந்தே, ஒரு காசை எப்படிப் புடிக்கறதுன்னாவது தெரியுமா உனக்கு? செய்யறதையும் செஞ்சுட்டுப் பொய் வேற."

அவள் அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். "நான் பொய் சொல்றவளுங்களா?" என்று கேட்டாள். சத்தமே இல்லாமல் கேட்டாள். நான் ஆமாம் என்றேன்.

ஜூன் 21

கோபியில் இருக்கிற அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். காலை பஸ். தோசை மாவு எங்கே இருக்கிறது, கேஸ் சிலிண்டர் என்றைக்கு மாற்றியது, எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனாள். காசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாசல் வரை போய், "நான் தொட்டேன்னு நீங்க ஒத்துக்கச் சொல்ற வரைக்கும் நான் வரமாட்டேன். தொடலைன்னு நீங்க சொன்னா வர்றேன்" என்றாள். ஒத்துக்கொள்ள வேண்டியவள் பேசுகிற பேச்சா இது.

ஜூன் 23

மெஸ் சாப்பாடு. ரசத்தில் எண்ணெய் மிதக்கிறது. தூ.

ஜூன் 25

சட்டையை நானே துவைத்தேன், வெள்ளையாகும் வரை சொட்டு நீலம் விட்டு. கடையில் படியேறும்போதே கீழே உள்ளவர்கள் வாயைப் பொத்தினார்கள். ஃபர்ஹானா ஒரு வாரமாகக் காசைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை, இன்று மட்டும், "சார், ஊதாச் சட்டை எடுத்தீங்களா?" என்றாள். கிண்டல். இந்த வயதில் என்னைப் பார்த்தால் இவர்களுக்கெல்லாம் கேலியாக இருக்கிறது. வெள்ளைச் சட்டையை வெள்ளை என்று சொல்லக்கூட ஒரு ஆள் மிச்சமில்லை.

ஜூன் 29

ஞாயிறு. வீடு காலி. காலையிலிருந்து அந்தக் காசையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே ஏதோ படலம் படிந்திருக்கிறது. அது மட்டும் போனால் அடியில் சூலக்காரி அப்படியே இருப்பாள் என்று தோன்றியது. எந்தக் காசை எதில் முக்கிக் கெடுத்தார்கள் என்று கண்டுபிடிக்க, வியாபாரிகள் வைத்திருக்கிற புளிப்பு மருந்தில் ஒரு பாட்டில் கடையில் மாதிரிக்கு இருக்கும். நேற்றே எடுத்து வந்திருந்தேன். ஏன் எடுத்து வந்தேன் என்று கேட்டால் தெரியாது.

முக்கி எடுத்துத் தண்ணீரில் அலசினேன். மஞ்சள் போகவில்லை. மறுபடி முக்கினேன். அழுகின முட்டை நாற்றம். போகவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் விட்டேன். எத்தனை தடவை என்று எழுதப்போவதில்லை. கடைசியில் பஞ்சைக் குச்சியில் சுற்றி, மிக மெதுவாக, தொட்டும் தொடாமல் ஒரு ஓரமாக. பிறகு முகத்திலும்.

மஞ்சள் அப்படியேதான் இருக்கிறது. அப்படி என்னத்தைத்தான் போட்டாளோ அவள்.

இது விளக்கியது ஆகாது. கெட்டுப்போனதைச் சரிசெய்யப் பார்த்தேன். வைத்தியம் வேறு, விளக்குவது வேறு. பாட்டிலைத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்து மூன்று தரம் கை கழுவினேன். நாற்றம் போகவில்லை.

ஜூலை 2

இன்று எனக்கு நடந்த அவமானம் என் எதிரிக்கும் வேண்டாம்.

முதலாளி தானே மாடிக்கு வந்து என் தட்டில் ஒரு காசை வைத்தார். இந்தக் காலத்து வெள்ளி, ஏதோ நினைவு நாணயம். "சும்மா ஒரு அபிப்பிராயம் சொல்லுங்க சார்" என்றார். பார்த்தேன். மங்கல், மஞ்சள். "விளக்கியது, அதுவும் பழகாத கை" என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சுத்தி வளைச்சு நான் சொல்லமாட்டேனுங் சார். காசு அடிக்கற மின்ட்ல இருந்து பத்து நிமிசம் முன்னாடி வந்த பார்சல். ஃபர்ஹானா முன்னாடி நாந்தான் கவரைக் கிழிச்சேன். காத்துப்பட்டதே இந்த மேசையிலதான்."

ஃபர்ஹானா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவனுக்குப் பள்ளிக்கூடப் பையன் மாதிரிப் பரீட்சை வைக்கிறார்கள், அதையும் ஒளித்து வைத்து. அந்தச் சூழ்ச்சியை நினைத்தால் வாந்தி வருகிறது. மின்டிலேயே இப்போதெல்லாம் தரம் போய்விட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீங்க ஆடத் தெரியாதவரில்லீங் சார். அதனாலதான் சொல்றேன், கண்ணைக் காட்டிப் பாருங்க" என்றார் முதலாளி. காரை எடுத்து அவரே கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார்.

ஜூலை 3

கண் ஆஸ்பத்திரி. கூட்டம், டெட்டால் வாசம், பக்கத்து நாற்காலியில் ஒருவர் ஓயாமல் கனைத்துக் கனைத்துக் கைக்குட்டையில் துப்பினார்.

டாக்டரம்மாவுக்கு ஃபர்ஹானா வயதுதான் இருக்கும். "எத்தனை மாசமா எல்லாம் மஞ்சளாத் தெரியுதுங்க?" என்றார். எனக்கு எதுவும் மஞ்சளாகத் தெரியவில்லை, பொருள்கள்தான் மஞ்சளாக இருக்கின்றன என்றேன். அவர் சிரிக்கவில்லை. "விளக்கைச் சுத்தி வளையம் தெரியுமே? கண்ணாடி இல்லாம பேப்பர் படிக்க முடியுதே?" என்று கேட்டார். கண் இளமையாகிவிட்டது என்று நினைத்தேனே அதுவும் வியாதியாம். முற்றினால் கொஞ்ச நாள் அப்படி ஆசை காட்டுமாம். இரண்டு கண்ணிலும் புரை. மெதுவாக வந்ததால் தெரியவில்லையாம். மஞ்சள் கண்ணாடித்தாளை ஒவ்வொன்றாக ஒட்டிய மாதிரி.

இடது கண்ணுக்குப் பத்தாம் தேதி ஆபரேஷன். கூட ஒருவர் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் யார் என்றார்கள். முதலாளி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். மஞ்சள் சுவர். அது உண்மையிலேயே மஞ்சளா என்று முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

ஜூலை 5

கோபிக்குப் போன் செய்து ரங்கநாயகியிடம் பேசினேன். சீரகம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மேல் தட்டில் இடது பக்கம் என்றாள். "சாப்டீங்களா?" என்றாள். சாப்பிட்டேன் என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 7

ஆபரேஷன் விஷயத்தை ஃபர்ஹானா ரங்கநாயகியிடம் சொல்லிவிட்டாள். என்னைக் கேட்காமல் நம்பர் எடுத்துப் பேசியிருக்கிறாள். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், "நன்றி" என்று வந்துவிட்டது. அவளுக்கும் என்ன செய்வதென்று தெரியாமல் லென்ஸைத் துடைத்தாள்.

ஜூலை 9

ரங்கநாயகி வந்துவிட்டாள். தொடவில்லை என்று நான் சொன்ன பிறகுதான் வருவேன் என்றவள், நான் எதுவும் சொல்லாமலே வந்துவிட்டாள். பையை வைத்ததும் தொட்டியில் ஊறப்போட்டிருந்த என் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். "அடக் கடவுளே" என்றாள்.

ஜூலை 11

நேற்று இடது கண். இன்று கட்டுப் பிரித்தார்கள்.

சுவர் வெள்ளை. படுக்கை விரிப்பு வெள்ளை. நர்ஸம்மாவின் உடை இத்தனை வெள்ளையாக இருக்குமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வலது கண்ணை மூடினால் வெள்ளை, இடது கண்ணை மூடினால் டீத்தண்ணி. மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன், பைத்தியக்காரன் மாதிரி. ஆணியில் என் சட்டை தொங்கியது. மயில் கழுத்து நிறம். அதைப் போட்டுக்கொண்டு டவுன்ஹாலில் நடந்திருக்கிறேன், தலையை நிமிர்த்தி.

ரங்கநாயகியைப் பார்த்தேன். நெற்றி ஓரத்தில் நரை. கண்ணுக்குக் கீழே கறுப்பு. கோபியிலிருந்து வந்தவள் தூங்கவில்லை என்று தெரிகிறது. இதெல்லாம் எப்போது வந்தது என்று தெரியவில்லை, எனக்கு எல்லாமே மஞ்சளாக இருந்திருக்கிறது. "நல்லாத் தெரியுதுங்களா?" என்றாள். தெரியுது என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பீரோ சாவியைக் கேட்டேன். "கனமானதைத் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்குது" என்றாள். ஒரு காசு என்ன கனம் இருக்கப்போகிறது என்றேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஜூலை 13

பார்த்துவிட்டேன்.

காலை வெயில் ஜன்னலில் விழும் நேரம். வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, விளிம்பில் பிடித்துச் சாய்த்தேன். வெள்ளை. மஞ்சளின் சுவடுகூட இல்லை. சக்கரம் சுற்றவில்லை. மறுபடி சாய்த்தேன். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி செத்த வெள்ளை. லென்ஸை வைத்தேன். அவள் முகத்தில் பஞ்சு போன தடம், மயிர் மயிராக, ஒரே பக்கமாக. பழகாத கை. இல்லை, நன்றாகப் பழகின கை.

எந்தப் படலமும் அதில் இருந்ததில்லை. 1902லிருந்து எத்தனை கை மாறி, எத்தனை கடல் தாண்டி, ஒரு கீறல் இல்லாமல் வந்தவளை, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நான் கொன்றேன். பல்பொடிக்காரரைச் சீ என்றேன். அவருக்காவது தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் முக்கினேன், பிறகு வைத்தியம் என்று எழுதினேன். வாந்தி வருவதற்கு முன்னால் வாயில் எச்சில் ஊறுமே, அப்படி ஊறியது. குளியலறைக்குப் போய்த் துப்பினேன். கண்ணாடியில் என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

திரும்பி வந்தால் ரங்கநாயகி சொட்டு மருந்தோடு நிற்கிறாள், காசையே குனிந்து பார்த்துக்கொண்டு. தொடவில்லை. கையைப் பின்னால் கட்டியிருந்தாள்.

"இதைத்தானுங்களே நான் கெடுத்துட்டேன்னீங்க? இப்பத்தான் ஒத்தக் கண்ணு வந்துருச்சில்ல, நல்லாப் பாருங்க. எத்தனை பளிச்சுனு இருக்குது. வெளக்கி வெச்ச வெள்ளிக் கும்பாவாட்டம்."

முகமெல்லாம் நிம்மதி. தன் மேல் விழுந்த பழி போய்விட்டது என்று நினைக்கிறாள். நான் ஆமாம் என்று சொன்னால் போதும். கண்ணில் புரை, காசில் குறையில்லை, என் மேல்தான் தப்பு என்று சொல்லிவிட்டால் கதை அழகாக முடிந்துவிடும். அவளும் சாகும் வரை அதை நம்புவாள். சொல்ல வாய் வரை வந்தது. இருபத்தெட்டு வருடத்தில் ஒரு பொய் மார்க் போட்டதில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்.

மேஜையிலிருந்து இரண்டு சீட்டு எடுத்தேன். ஒன்றை அவளிடம் கொடுத்தேன்.

"என்னங்க இது?"

"மார்க் போடு. நீயும் போடு, நானும் போடறேன்."

"எனக்கென்னங்க தெரியும்?"

"பாத்துட்டுத் தோணுறதைப் போடு. எழுபதுக்கு."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். முப்பத்தொரு வருடத்தில் நான் அவளிடம் ஒரு காசைப் பற்றிக் கேட்டதில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காசைப் பார்த்து, யோசித்து, எழுதிக் கவிழ்த்து வைத்தாள். நானும் எழுதிக் கவிழ்த்தேன். ஒரே நேரத்தில் திருப்பினோம். அவளுடையதில் எழுபது. கொஞ்சம் கோணலாக, பக்கத்தில் ஒரு பிள்ளையார் சுழி. என்னுடையதில் 'விளக்கியது'.

அவள் படித்தாள். முகம் மாறியது. "மறுபடியுமா?" என்றாள்.

"ரெண்டு மார்க்குக்கு மேல வித்தியாசம் வந்தா எதிர்க்க உக்காந்து காரணம் சொல்லோணும். அதான் விதி. நீ உக்காரு."

உட்கார்ந்தாள். சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, பாட்டில், நாற்றம், பஞ்சு, எல்லாவற்றையும் சொன்னேன். நீ தொடவில்லை என்று சொன்னேன். நீ பொய் சொல்கிறவள் இல்லை என்று சொன்னேன். அவள் காசைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கேட்டாள்: "அன்னைக்கு அந்த விக்டோரியா ரூவாய நான் புளி போட்டு வெளக்குனதுக்கு, நாலு நாள் எங்கூடப் பேசாம இருந்தீங்க. அதுவரைக்கும் எங்கம்மாவத் தவிர யாரும் என்னை ஒரு சொல்லுச் சொன்னதில்லை, அந்த நாலு நாளும் நான் செத்தேன். எனக்கு அப்போ தெரியாதுங்க. உங்களுக்குத் தெரியும். அப்போ இதுக்கு நான் எத்தனை நாள் பேசாம இருக்கோணும்? நீங்களே மார்க் போடுங்க."

"நீ போடு" என்றேன்.

"அண்ணாந்து பாருங்க" என்றாள். மருந்தைச் சொட்டினாள். கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் சமையலறையில் இருந்தாள்.

ஜூலை 15

நாச்சிமுத்துவின் நம்பர் வாங்கிப் பேசினேன். கண்ணில் புரை இருந்தது, தப்பு என்னுடையது, பெட்டியைத் திரும்பக் கொண்டுவாருங்கள், ஃபர்ஹானாவின் மார்க்தான் சரி என்றேன். "காமாலைன்னு நெனச்சேன், புரையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். வருவாரா தெரியாது. ஃபர்ஹானாவிடம் நேரில் சொல்ல வேண்டும். போனில் சொல்வதற்கில்லை.

ரங்கநாயகி பேசவில்லை.

ஜூலை 16

பேசவில்லை. ரசம் நன்றாக இருந்தது. சொன்னேன். பதில் இல்லை.

ஜூலை 18

வெள்ளிக்கிழமை. நாலு நாள் நேற்றோடு முடிந்துவிட்டது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அவள் எண்ணவில்லை போலிருக்கிறது.

காலையில் பூஜை அலமாரிப் பக்கம் போனேன். லட்சுமி படத்துக்கு முன்னால், வெற்றிலை மேல் சூலக்காரி உட்கார்ந்திருக்கிறாள். நெற்றியில் குங்குமம், காலடியில் சந்தனம். இரண்டும் ஈரம். ஈரக் குங்குமம் வெள்ளியில் கறையாகும் என்று வாய் வரை வந்தது. போன மாதம் என்றால் வீடு இரண்டாகியிருக்கும். பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

வலது கண்ணுக்கு ஆகஸ்டு ஆறாம் தேதி கொடுத்திருக்கிறார்கள். யாராவது கூட வந்து கையெழுத்துப் போட வேண்டும். கேட்கவில்லை. காலண்டரில் அந்தத் தேதியை அவளே வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

மருந்து நேரத்துக்கு வந்தாள். அண்ணாந்து பாருங்க என்றுகூடச் சொல்வதில்லை இப்போது. தாடையை இரண்டு விரலால், ஓரமாகப் பிடித்து, காசைப் பிடிக்க வேண்டிய விதத்தில் பிடித்து நிமிர்த்துகிறாள். ஒரு சொட்டு விட்டுவிட்டுப் போனாள்.